கடலின் வாசலை அடைத்த மனிதர்: கொர்னேலிஸ் லேலி

நெதர்லாந்தின் வரைபடத்தை விரித்துப் பார்ப்பவர்களுக்கு, அதன் வடபகுதியில் நூல் பிடித்தது போன்ற ஒரு நேர்கோடு தென்படும். வட ஒல்லாந்து மாகாணத்தையும் பிரீஸ்லாந்து மாகாணத்தையும் இணைக்கும் 32 கிலோமீற்றர் நீளமான அணை அது. ஒல்லாந்தர் அதனை அஃப்ஸ்லௌட்டைக் என்பார்கள். அடைக்கும் அணை என்பது அதன் பொருள். அணையின் ஒரு பக்கம் வாடன் கடல். அங்கே நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்குகிறது. மறுபக்கம் ஐஸல்மேர் என்னும் நன்னீர் ஏரி. அங்கே வற்றும் இல்லை, பெருக்கும் இல்லை. 1932ஆம் ஆண்டுக்கு முன்னர் இரண்டும் ஒரே கடலாக இருந்தன.

இந்த அணையைத் திட்டமிட்டவர் கொர்னேலிஸ் லேலி என்ற பொறியியலாளர். அவர் மூன்று தடவை அமைச்சராகவும் ஒரு தடவை குடியேற்ற நாடொன்றின் ஆளுநராகவும் இருந்தவர். அவருடைய பெயரில் ஒரு நகரமே இன்று நெதர்லாந்தில் இருக்கிறது. அந்த நகரம் நிற்கும் நிலமோ அவர் வாழ்ந்த காலத்தில் கடலின் அடித்தரையாக இருந்தது.

லேலியின் வாழ்க்கையை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியும். நெதர்லாந்தின் பாடநூல்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் களப்புகளையும் ஆழங்குறைந்த கடலையும் அறிந்த எம்மவர்கள் இந்தக் கதையை இன்னொரு பக்கத்திலிருந்தும் கேட்கலாம். ஒரு கரையோரத்துக்கு வரும் வற்றுப்பெருக்கை நிறுத்தினால் அங்கே என்ன நடக்கும்? அதன் பயன் யாருக்குப் போகும், விலையை யார் கொடுப்பார்கள்? லேலியின் வாழ்வும் அவர் விட்டுச்சென்ற அணையும் இந்தக் கேள்விகளுக்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலப் பதிலை வைத்திருக்கின்றன.

லேலி 1854ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அந்த நகரம் அப்போது ஸௌடர்ஸே என்ற உள்நாட்டுக் கடலின் தென்மேற்கு மூலையில் இருந்தது. தென்கடல் என்பது அப்பெயரின் பொருள். உலகத்தின் பல திசைகளுக்கும் சென்ற ஒல்லாந்தக் கப்பல்கள் இந்தக் கடல் வழியாகவே வெளியேறின. 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல்களுள் பலவும் இந்த நீரைக் கடந்து வந்தவைதான்.

ஸௌடர்ஸே ஆதியிலிருந்தே கடலாக இருந்ததல்ல. உரோமர் காலத்தில் அங்கே ஒரு நன்னீர் ஏரி இருந்தது. பின்னர் 1170இலும் 1287இலும் வந்த பெரும் புயல் வெள்ளங்கள் வடக்கே இருந்த நிலத்தைக் கரைத்துக்கொண்டு போயின. 1287ஆம் ஆண்டு வெள்ளத்தில் மட்டும் பல்லாயிரம் மக்கள் மாண்டார்கள். கடல் உள்ளே வந்து ஏரியை விழுங்கியது. அதன் பின்னர் நூற்றாண்டுகளாக அந்தக் கரைகளில் வாழ்ந்தவர்கள் மண் அணைகளுக்குப் பின்னால், கடலை நம்பியும் கடலுக்கு அஞ்சியும் வாழ்ந்தார்கள்.

அந்தக் கடலின் இயல்பைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். சந்திரனும் சூரியனும் இழுப்பதால் சமுத்திரத்தில் எழும் வற்றுப்பெருக்கு அலை, வடகடல் வழியாக நெதர்லாந்தின் கரையோரம் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். வாடன் தீவுகளுக்கு இடையிலான வாய்கள் வழியே அது உள்ளே நுழைந்து ஸௌடர்ஸேயின் ஆழங்குறைந்த நீரில் பரவும். தரையோடு உரசி உரசி வலுக்குறைந்து, தெற்கே ஆம்ஸ்டர்டாம் பக்கம் போய்ச்சேரும்போது பெரிதும் தணிந்துவிடும். சாதாரண நாட்களில் அது சாதுவான கடல். ஆனால் வடமேற்குப் புயல் ஒன்று பெருக்கோடு சேர்ந்து வந்தால், அந்தத் தட்டையான கிண்ணத்துக்குள் நீர் குவிந்து அணைகளுக்கு மேலால் வழியும்.

வடக்கே உப்புக் கடல், கிழக்கே ஐஸல் ஆறு கொண்டுவரும் நன்னீர். இரண்டையும் நாள்தோறும் கலந்து கொடுத்தது வற்றுப்பெருக்கு. அதனால் உவர்நீர் உருவானது. வசந்தகாலத்தில் ஹெரிங் மீன்கள் முட்டையிட உள்ளே வந்தன. கோடையின் தொடக்கத்தில் நீர் சூடேறியதும் நெத்தலி கூட்டங்கூட்டமாக வந்தது. தட்டை மீனும் இறாலும் விலாங்கும் அங்கே வளர்ந்தன. வீரிங்கன் தீவைச் சூழ்ந்து கடற்புல் காடாக நின்றது. அந்தப் புல்லை அரிந்து காயவைத்து விற்பதே தீவு மக்கள் பலரின் தொழில். முற்காலத்தில் அணைகளைக் கட்டவும் அது பயன்பட்டது. வோலண்டாம், மார்க்கன், உர்க், என்க்ஹவுசன், ஹார்டர்வைக் என்று கரையெங்கும் மீன்பிடி ஊர்கள் இருந்தன.

இந்தக் கடலை அடைத்துவிடலாம் என்ற எண்ணம் லேலிக்கு முன்னரே இருந்தது. 1667இல் ஹென்ட்ரிக் ஸ்டெவின் என்பவர் வாடன் தீவுகளையே அணைகளால் இணைத்துக் கடலை வெளியே தள்ளலாம் என்று எழுதினார். அதைச் செய்யும் வலு அந்தக் காலத்து மனிதருக்கு இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீராவிப் பம்பிகளைக் கொண்டு ஹார்லம் ஏரியை வற்றவைத்த பின்னர்தான் அது கனவாக மட்டும் இருக்கத் தேவையில்லை என்று பலர் நம்பத் தொடங்கினர்.

லேலி டெல்ஃப்ட் நகரில் குடிசார் பொறியியல் படித்து 1875இல் பட்டம் பெற்றார். 1886இல் ஸௌடர்ஸேயை அடைப்பதற்கான வழிகளை ஆராய ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. அதன் தொழில்நுட்பப் பொறுப்பு 32 வயதை எட்டியிருந்த லேலியிடம் வந்தது. கடலின் ஆழம், அடித்தரையின் மண், நீரோட்டம், ஆறுகள் கொண்டுவரும் நீர் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1887 முதல் 1891 வரை எட்டு அறிக்கைகளை எழுதினார். அடித்தரையில் எங்கே நல்ல களி இருக்கிறது, எங்கே வெறும் மணல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே எங்கே நிலம் எடுப்பது என்று அவர் கோடு கீறினார்.

1891இல் வெளியான அவருடைய திட்டம் எளிமையானது. முதலில் வடக்கே ஒரு பெரிய அணையால் கடலின் வாசலை அடைப்பது. அப்படிச் செய்தால் உள்ளே வற்றுப்பெருக்கும் இராது, புயல் அலையும் இராது. பிறகு உள்ளே நான்கு பெரும் பகுதிகளைச் சிறிய அணைகளால் வளைத்து, நீரை இறைத்து, விளைநிலமாக்குவது. நடுவில் மிஞ்சும் நீர் ஆற்று நீரால் மெல்ல மெல்ல நன்னீர் ஏரியாகிவிடும். கரையோர மக்களுக்குப் பாதுகாப்பு, நாட்டுக்கு நிலம், விவசாயிக்கு நன்னீர் என்று மூன்று பயன்கள்.

அதே 1891இல் லேலி பொதுப்பணி, வணிகம், கைத்தொழில் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அமைச்சரானார். அவர் தலைமையில் அமைந்த அரச ஆணைக்குழு 1894இல் திட்டத்துக்குச் சாதகமாக அறிக்கை தந்தது. ஆனால் அந்த ஆண்டே அரசாங்கம் மாறியது. செலவுக்கு அஞ்சிய பாராளுமன்றம் திட்டத்தைக் கிடப்பில் போட்டது. 1897 முதல் 1901 வரை இரண்டாம் முறை அமைச்சராக இருந்தபோதும் அவரால் அதை நிறைவேற்ற முடியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் வேறொன்றைச் செய்தார். வேலைத்தலத்தில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1901இல் அவருடைய முயற்சியால் நிறைவேறியது. நெதர்லாந்தின் சமூகக் காப்புறுதிச் சட்டங்களுள் அதுவே முதலாவது.

1902இல் தென் அமெரிக்காவில் ஒல்லாந்தர் ஆண்ட சுரினாமுக்கு ஆளுநராகப் போனார். தங்கச் சுரங்கங்களை நோக்கி ஒரு புகையிரதப் பாதை போடும் வேலை அவருடைய காலத்தில் தொடங்கியது. அந்தப் பாதையோரத்து ஊர் ஒன்று அவர் பெயரால் இன்றும் லேலிடோர்ப் என்றே அழைக்கப்படுகிறது. 1905இல் நாடு திரும்பினார்.

1913இல் மூன்றாம் தடவை அமைச்சரானபோது லேலிக்கு 58 வயது. திட்டம் எழுதி 22 ஆண்டுகள் கடந்திருந்தன. இம்முறையும் அது நடக்காமல் போயிருக்கக்கூடும். ஆனால் கடலே அவருக்காகப் பேசியது. 1916 ஜனவரி 13ஆம் திகதி இரவு வடமேற்குப் புயல் ஸௌடர்ஸேக்குள் நீரைத் தள்ளியது. பல இடங்களில் அணைகள் உடைந்தன. மார்க்கன் என்ற சிறு தீவில் மட்டும் 16 பேர் இறந்தார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே வயல்கள் உப்புநீரில் மூழ்கின. அப்போது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. நெதர்லாந்து போரில் இறங்கவில்லை என்றாலும் உணவுத் தட்டுப்பாடு அங்கும் வந்தது. வெள்ளத்துக்கு அஞ்சியவர்களும் பசிக்கு அஞ்சியவர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். 1918 ஜூன் 14ஆம் திகதி ஸௌடர்ஸேயை அடைப்பதற்கான சட்டம் நிறைவேறியது.

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழுந்தது. வாசலை அடைத்தால் உள்ளே இருப்பவர்கள் தப்புவார்கள். வெளியே இருப்பவர்களின் நிலை என்ன? இதுவரை ஸௌடர்ஸேக்குள் பரவி வலுவிழந்த நீர் இனி எங்கே போகும்? இதற்கு விடை காண அரசாங்கம் ஒரு குழுவை நியமித்தது. அதன் தலைவராக அழைக்கப்பட்டவர் இயற்பியலுக்காக 1902இல் நோபல் பரிசு பெற்ற ஹென்ட்ரிக் லொரென்ஸ். அணுவையும் ஒளியையும் பற்றிச் சிந்தித்த அறிஞர் தம் முதுமையில் எட்டு ஆண்டுகளைக் கடல்நீரின் கணக்குக்குக் கொடுத்தார். கணினி இல்லாத காலம். வாடன் கடலின் வாய்க்கால்களை ஒரு வலையமைப்பாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நீர் எப்படி ஓடும், எவ்வளவு உயரும் என்று கையாலேயே கணித்தார்கள்.

1926இல் வந்த விடை பலரும் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருந்தது. வற்றுப்பெருக்கு அலை அணையில் மோதித் திரும்பும். அதனால் அணைக்கு வெளியே நீரின் ஏற்ற இறக்கம் குறையாது, கூடும். புயல் காலத்தில் சில இடங்களில் நீர் முன்னரைவிட ஒரு மீற்றருக்கும் அதிகமாக உயரலாம். எனவே பிரீஸ்லாந்துக் கரையில் அணை போய்ச்சேரும் இடம் வடக்கே மாற்றப்பட்டது. வெளிக்கரையின் பழைய அணைகளும் உயர்த்தப்பட்டன. அணை அடைபட்டபின் ஹார்லிங்கன் துறைமுகத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ அரை மீற்றரால் கூடியது. குழுவின் கணக்குப் பிழைக்கவில்லை.

நீரின் உயரத்தைக் கணித்ததுபோல அந்த நீரில் வாழ்ந்தவற்றின் கதியை யாரும் கணிக்கவில்லை. மீனவரின் எதிர்ப்பும் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நிற்கும் குரலாகவே பார்க்கப்பட்டது. அவர்களுக்கென்று 1925இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது இழந்த தொழிலுக்கு நட்டஈடு தரும் சட்டமல்ல, துயரப்படுபவருக்கு உதவி தரும் சட்டம். விபத்தில் கையை இழந்த தொழிலாளிக்கு உரிமையாக நட்டஈடு கிடைக்க வழிசெய்தவர் லேலி. கடலை இழந்த மீனவருக்கு அந்த உரிமை எழுதப்படவில்லை.

பெரிய அணையின் வேலை 1927இல் தொடங்கியது. இரு கரைகளிலிருந்தும், கடல் நடுவே ஆக்கப்பட்ட இரு செயற்கைத் தீவுகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அணை நீண்டது. கடலடியிலேயே கிடைத்த ஒருவகைக் கடினமான களி அவர்களுக்குக் கைகொடுத்தது. பழைய பனியாறுகள் விட்டுச்சென்ற அந்தக் களி நீரோட்டத்தில் எளிதில் கரையாது. அதன் மேல் மணல், அலம்பல்களால் பின்னிய பெரும் பாய்கள், அவற்றின் மேல் கருங்கற்கள். ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள்.

லேலி அதைப் பார்த்து முடிக்கவில்லை. 1929 ஜனவரி 22ஆம் திகதி டென் ஹாக் நகரில், 74ஆவது வயதில் காலமானார். முதலாவது நிலப்பகுதியான வீரிங்கர்மேர் வற்றவைக்கப்பட்டது அடுத்த ஆண்டில். லொரென்ஸ் அதற்கு முந்திய ஆண்டிலேயே மறைந்திருந்தார்.

அணையின் கடைசி இடைவெளிகள் ஒடுங்க ஒடுங்க, அவற்றுக்கூடாக வற்றும் பெருக்கும் ஆற்று வெள்ளம்போல் பாய்ந்தன. போட்ட மண்ணைக் கடல் அரித்துக்கொண்டு போனது. 1932 மே 28ஆம் திகதி பிற்பகல் 1 மணி 2 நிமிடத்துக்குக் கடைசி இடைவெளி மூடப்பட்டது. அணையில் நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். அந்த நிமிடத்தோடு ஸௌடர்ஸே என்ற கடல் இல்லாமல் போனது.

அதன் பின் நடந்தவை வேகமாக நடந்தன. சில ஆண்டுகளில் நீரின் உப்புக் குறைந்து நன்னீராயிற்று. உப்பில் வாழ்ந்தவை மடிந்தன. அவற்றைத் தின்னும் உயிரினங்கள் இன்னும் வந்துசேராத இடைவெளியில் கொசுவைப் போன்ற சிறு பூச்சிகள் மேகமாகப் பெருகிக் கரையோர ஊர்களை மூடின. ஹெரிங் மீன்கள் அணை வரை வந்து உள்ளே போக வழியில்லாமல் நின்றன. ஸௌடர்ஸேக்கே உரிய அந்த ஹெரிங் கூட்டம் அழிந்தது. நெத்தலியின் பருவம் உள்ளூர் மக்களின் நினைவாக மட்டும் மிஞ்சியது. அணைக்கு வெளியே நீரோட்டமும் கலங்கலும் மாறின. அதே ஆண்டுகளில் கடற்புல்லை ஒரு நோயும் தாக்கியது. இரண்டு அடிகளும் ஒன்றாக விழுந்ததில் வீரிங்கன் கரையின் ஆழ்நீர்க் கடற்புல் காடு அழிந்தது. அது இன்றுவரை மீளவில்லை.

மனிதர்களின் கதை இடத்துக்கிடம் வேறுபட்டது. உர்க் தீவு மீனவர்கள் படகுகளைப் பெரிதாக்கி வடகடலுக்குப் போனார்கள். அவர்களுடைய தீவு பின்னர் வற்றவைத்த நிலத்தோடு சேர்ந்து தீவாக இல்லாமற் போனது. ஆயினும் நெதர்லாந்தின் முதன்மையான மீன்பிடி ஊர்களுள் ஒன்றாக அது இன்றும் இருக்கிறது. ஏரியில் விலாங்கு பிடித்து ஒரு பகுதியினர் தொழிலைத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பல துறைமுகங்களில் இன்று மீன்படகுகள் நின்ற இடத்தில் உல்லாசப் படகுகள் நிற்கின்றன. என்க்ஹவுசனில் ஸௌடர்ஸேக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய வலைகளும் படகுகளும் மீனவர் வீடுகளும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. இந்த மக்கள் ஊரை விட்டு எங்கும் போகவில்லை. ஊரிலேயே இருக்க, அவர்களுடைய கடல்தான் அவர்களை விட்டுப் போனது. இடப்பெயர்வுக்கு இப்படியும் ஒரு வடிவம் உண்டு என்பது எமக்கு விளங்காததல்ல.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். லேலி சொன்ன மூன்று பயன்களும் கிடைத்தன. வீரிங்கர்மேரைத் தொடர்ந்து 1942, 1957, 1968 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பெரும் நிலப்பகுதிகள் வற்றவைக்கப்பட்டன. நான்கிலும் சேர்த்து ஏறத்தாழ 1650 சதுர கிலோமீற்றர். 1986இல் அவற்றின் பெரும்பகுதி ஃபிளேவோலாந்து என்ற புதிய மாகாணமானது. அதன் தலைநகருக்கு லேலிஸ்டாட் என்று பெயர் வைத்தார்கள். ஐஸல்மேர் ஏரி குடிநீரும் பாசன நீரும் தருகிறது. 1953 பெப்ரவரி 1ஆம் திகதி இரவு நாட்டின் தென்மேற்கில் கடல் புகுந்து 1,836 பேர் மாண்டபோது, பழைய ஸௌடர்ஸேயின் கரைகள் தப்பின. லேலியின் அணை அன்று எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ண முடியாது. அணை வேண்டாம் என்று அந்த மக்களிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் நெதர்லாந்து தன் அனுபவத்திலிருந்து பாடம் கற்றது. 1953ஆம் ஆண்டு அழிவுக்குப் பின் தென்மேற்கின் கடல்வாய்களையெல்லாம் லேலியின் வழியிலேயே அடைக்கத் திட்டமிட்டார்கள். சில அடைக்கப்பட்டன. ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற வாயின் முறை வந்தபோது, சிப்பியும் மட்டியும் வளர்த்து வாழ்ந்த மக்களும் இயற்கை ஆர்வலர்களும் எழுந்து நின்றார்கள். ஸௌடர்ஸேக்கு நேர்ந்தது அவர்கள் முன் சாட்சியாக இருந்தது. அரசாங்கம் இறுதியில் திட்டத்தை மாற்றியது. 1986இல் திறக்கப்பட்ட அந்தத் தடுப்பில் 62 பெரும் இரும்புக் கதவுகள் உண்டு. சாதாரண நாட்களில் அவை திறந்தே இருக்கும், வற்றுப்பெருக்கு வழக்கம்போல் வந்துபோகும். புயல் வரும்போது மட்டும் கதவுகள் இறங்கும். செலவு அதிகம். ஆனால் பாதுகாப்பும் கடலும் ஒருங்கே மிஞ்சின.

லேலியின் அணையிலும் இப்போது அதே சிந்தனை வந்திருக்கிறது. கோர்ன்வெர்டர்ஸான்ட் என்ற இடத்தில் மீன்கள் கடலிலிருந்து ஏரிக்குப் போகவென ஒரு செயற்கை ஆறு அமைக்கப்படுகிறது. உப்பிலிருந்து நன்னீருக்கு மீன்கள் மெல்லப் பழகிக்கொள்ளும்படி வளைந்து வளைந்து செல்லும் வழி அது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அடைத்த சுவரில் மீனுக்காக ஒரு வாசல் வைக்கிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. அணை கட்டிய பின்னரும் லேலியின் ஏரி வற்றுப்பெருக்கை விட்டுப் பிரியவில்லை. ஆறுகள் கொண்டுவரும் மேலதிக நீரை வெளியேற்ற, வெளியே கடல் வற்றி ஏரியின் மட்டத்துக்குக் கீழே இறங்கும் நேரம் பார்த்தே மதகுகளைத் திறக்கிறார்கள். கடல்மட்டம் உயர உயர அந்த நேரம் சுருங்குகிறது. அதனால் இப்போது அணையில் பெரும் பம்பிகளும் சேர்க்கப்படுகின்றன.

இதையெல்லாம் நாம் ஏன் அறிய வேண்டும்? எமது மண்ணிலும் இதே எண்ணம் எழுந்திருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னும் திட்டம், உருவில் சிறியதானாலும் லேலியின் திட்டத்துக்கு உறவானது. ஆனையிறவுக் களப்பில் கடல்நீரைத் தடுத்து, கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்புகளை வைத்து உவர்நீரைப் பையப் பைய நன்னீராக்குவது. கிணற்று நீரையே நம்பி வாழும் குடாநாட்டுக்கு அதன் தேவை எவ்வளவு என்பதை அங்கே தண்ணீர் அள்ளிய எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தொண்டைமானாற்றுத் தடுப்புக் கட்டப்பட்டது. முள்ளியான் வாய்க்கால் முடிவுறவில்லை. திட்டம் முழுமை பெறாமலே போரும் இடப்பெயர்வும் வந்துவிட்டன.

எமது கடலின் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவானது. அந்தச் சிறு ஏற்ற இறக்கத்தோடுதான் இறால் குஞ்சுகள் களப்புக்குள் வருகின்றன. கண்டல் மரங்களுக்கு நீர் கிடைக்கிறது. வற்றிய சேற்றில் பறவைகள் இரை தேடுகின்றன. தடுப்பின் கதவு மூடியிருந்தால் தோட்டக்காரரின் கிணற்றுக்கு நல்லது. திறந்திருந்தால் களப்பில் இறால் பிடிப்பவரின் வலைக்கு நல்லது. இருவரும் எம்மவரே. ஒருவர் பக்கம் நின்று மற்றவரை மறந்துவிடுவது எளிது. ஸௌடர்ஸேயில் நடந்தது அதுதான்.

அந்தத் திட்டம் பற்றிய பேச்சு இன்றும் அவ்வப்போது எழுகிறது. புலம்பெயர்ந்த எம்மவர்களுக்குள் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், பணம் திரட்டக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் பேசும்போது லேலியிடமிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, அவருடைய பொறுமை. திட்டம் எழுதியதிலிருந்து சட்டம் வரும்வரை 27 ஆண்டுகள் அவர் காத்திருந்தார். மண்ணையும் நீரையும் அளக்காமல் ஒரு கோடும் கீறவில்லை. இரண்டாவது, அவருடைய காலம் கணக்கில் எடுக்காமல் விட்டது. களப்புக்குள் வந்துபோகும் நீரை நம்பி வாழ்பவர் யார், அவர்களுக்கு என்ன ஆகும், எந்த மீன் எந்த மாதம் உள்ளே வருகிறது, கதவுகளை எப்போது திறந்துவைத்தால் இரு பக்கமும் வாழும் என்பதை முதலிலேயே எண்ணிப் பார்த்து, அந்த மக்களையும் அழைத்துப் பேசித் தொடங்குவது.

நெதர்லாந்தில் அணையோரம் லேலிக்கு வைத்த சிலை, அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பின் 1954இல் எழுந்தது. அதே ஆண்டில்தான் ஆறுமுகத்தின் திட்டமும் வெளிவந்தது. லேலியின் நாடு அதன் பின் பெற்ற அனுபவம் முழுவதும் இன்று எம் முன் இருக்கிறது. அந்த அனுபவத்துக்கு அவர்கள் ஒரு கடலை விலையாகக் கொடுத்தார்கள். நாம் அதைப் படித்தே தெரிந்துகொள்ளலாம்.